சில்லா வீட்டு அடுப்பு

எங்கள் ஊரில் பருத்தி எடுக்கப் போகிறவள் கூலிக்காகப் போவதில்லை. கூலி என்று கையில் வைப்பது வெறும் பேச்சுக்கு. நாங்கள் போவது மாருக்காக, பஞ்செடுத்த பிறகு நிற்கும் செடியின் குச்சிக்காக. எந்தச் சாலில் எவள் பஞ்செடுத்தாளோ அந்தச் சாலின் பருத்திமார் அவளுக்கு. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை, கூட்டுப்பண்ணைக் காலத்திலிருந்து நடந்துவரும் வழக்கம். செடி காய்ந்ததும் வேரோடு பிடுங்கி வந்து சுவரோரம் அடுக்கிவிட்டால் குளிர்காலப் பயம் பாதி போய்விடும். மீதிப் பாதிக்கு வறட்டி இருக்கிறது. வக்ஷ் ஆற்றங்கரையில் மின்சாரத்தை நம்பி ஒருத்தியும் பிள்ளை வளர்ப்பதில்லை. அது காலையில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், சாயங்காலம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான்.

அந்த வருடம் ரயீஸ் ரஜபலி எங்களுக்கு மார் தரவில்லை. ரயீஸ் என்றால் பண்ணைத் தலைவர். கூட்டுப்பண்ணை ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, பட்டம் மட்டும் அவர் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. நிலமும் போகவில்லை. கடைசிப் பஞ்சும் எடுத்து முடித்த அன்று வயல் வரப்பில் எங்களை நிறுத்திவைத்துப் பேசினார்.

"மாரை அப்படியே அடுப்புல திணிச்சா என்னாகுது? ஒரு ரொட்டி தின்னு முடிக்கிறதுக்குள்ள சாம்பல். இனி அந்தக் கஷ்டம் வேண்டாம். மாரை நறுக்கி, உமி, சாணி, கரித்தூள் எல்லாம் கலந்து மெஷின்ல கொடுத்தா கட்டியா வரும். காலையில ஒரு கட்டி போட்டா மத்தியானம் வரைக்கும் நின்னு எரியும். தலைநகர்ல இருந்து திட்டக்காரங்க மெஷின் தர்றாங்க. அதுக்குத் தோதான அடுப்பும் தர்றாங்க. வீட்டுக்கு வீடு."

"வீட்டுக்கு வீடா?" என்று கேட்டேன்.

"சல்தனத், நீ என்னைக்காவது நான் சொன்னதை ஒரே தடவையில நம்பியிருக்கியா?"

"நம்பினவங்களைத்தான் தினம் பாக்குறேனே, ரயீஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பதில் அவர் என்றைக்கும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

மெஷின் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், கட்டியையும் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் செய்தது அது. தீவனம் வெட்டும் கத்தியில் மாரைப் பொடியாக நறுக்கினோம். ஆற்றோரத்து நெல்வயலில் இருந்து உமி, எல்லார் வீட்டுத் தொழுவத்திலிருந்தும் சாணி, சுரங்கத்துப் பக்கமிருந்து லாரியில் கரித்தூள். கரி கூடினால் பற்றுவதற்கு அழவைக்கும், நாற்றம் தலையை வலிக்கச் செய்யும். சாணி கூடினால் காயும்போதே வெடித்து உதிரும். நூறு தடவை கெட்டு, நூற்றியோராவது தடவை சரியாக வந்தது. நடுவில் துளையோடு, உள்ளங்கை அகலத்தில், கறுப்பும் பழுப்புமாகக் கட்டி விழும்போது மவ்ஜூதா கை தட்டினாள். அப்போது அவளுக்கு நிறைமாதம். குனிய முடியாது என்று அவளைக் காயவைக்கும் பலகைக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தோம். காய்ந்ததைத் திருப்பிப் போடுவது அவள் வேலை. பிள்ளை பிறக்கிற வாரம் வரைக்கும் வந்தாள். அவள் புருஷன் நூர்மத் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான், மாமியார் ஹோசியத்துக்கு உட்கார்ந்து தின்னும் மருமகளைப் பிடிக்காது.

செய்து முடித்த கட்டியெல்லாம் ரயீஸின் களஞ்சியத்துக்குப் போயிற்று. கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். கேட்டால், "அடுப்பு வரட்டும், வீட்டுக்கு வீடு கணக்கா கொடுப்போம். இந்தக் கட்டியை உங்க தகர அடுப்புல போட்டா தகரம் உருகிடும்" என்றார். கடைசியில் வண்டியில் வந்து இறங்கியது ஒரே ஒரு அடுப்பு. கனத்த இரும்பு, பக்கவாட்டில் கதவு, அடியில் சாம்பல் தட்டு. ஊரே சுற்றி நின்று பார்த்தது.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டேன்.

"பின்னால வருது" என்றார்.

அது எந்தப் பின்னால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் சுவரோரங்கள் அந்தக் குளிர்காலத்தில் வெறுமையாக இருந்தன. மார் அடுக்கிவைக்கிற இடத்தில் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. வாதுமை மரக் கிளையை வெட்டினோம், பழைய கதவை உடைத்தோம், வறட்டியை எண்ணெயைப் போலப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தோம்.

மவ்ஜூதாவுக்குப் பெண் பிறந்தது. சித்தோரா என்று பெயர் வைத்தார்கள். எங்களில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் சில்லா. பச்சை உடம்புக்காரியும் பிள்ளையும் அறையை விட்டு வெளியே வரக்கூடாது, வானத்தின் கீழ் நிற்கக்கூடாது. அந்நியர் உள்ளே வரக்கூடாது, படுக்கைக்கு முன்னால் திரை தொங்கும். அந்த வீட்டிலிருந்து நெருப்பை வெளியே கொடுக்கக்கூடாது. ஒரு கங்கு கொடுத்தாலும் பிள்ளையின் சூடு அதோடு போய்விடும், எடுத்துப் போனவன் கையும் விளங்காது. இதை நம்பாதவன் எங்கள் ஊரில் கிடையாது. மாவட்டத் தலைவர் முன்னாலேயே கால்மேல் கால் போட்டு உட்காருகிற ரயீஸும் நம்புவார்.

நம்புவார், ஆனால் வளைப்பார். பிள்ளை பிறந்த சில நாளிலேயே திட்டக்காரர்கள் வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் செய்தி வந்தது. அடுப்பு ஒரு ஏழை வீட்டில் எரிவதைப் பார்க்க வேண்டுமாம். ரயீஸ் நேராக ஹோசியத்திடம் போனார். தொட்டில் பக்கத்தில் அடுப்பு எரிந்தால் படத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சில்லாவுல அந்நிய ஆளை எப்படி விடுறது, ரயீஸ்?" என்று ஹோசியத் இழுத்தாள்.

"வெளிநாட்டுக்காரங்க கண்ணு நம்ம கண்ணு மாதிரி கிடையாது, அக்கா. அவங்களுக்குத் திருஷ்டியே இல்ல. உன் சின்னவன் டிராக்டர் ஓட்டணும்னு கேட்டானே, வசந்தத்துல ஏறி உட்காரச் சொல்லு."

திருஷ்டி அதோடு போயிற்று. அன்றைக்கே ஹோசியத்தின் பழைய தகர அடுப்பைப் பிடுங்கி, பழைய இரும்போடு எடைக்குப் போட ரயீஸின் ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். புதிய அடுப்பை வைத்து, குழாய்க்காகச் சுவர் ஓட்டையைப் பெரிதாக இடித்தார்கள். வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி சித்தோராவைக் கையில் வாங்கி, அடுப்புக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள். பூட்ஸ் காலோடு நின்றாள். மவ்ஜூதா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த அறை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையை மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் ஒரு நாள் போனபோது மவ்ஜூதா கம்பளிக் காலுறையைக் கழற்றிவைத்துவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். ஜனவரி மாதத்தில் வெறுங்கால்! பிள்ளையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டிருந்தாள், அது கைகாலை உதைத்துக்கொண்டு கிடந்தது. அடுப்பின் மேல் தேநீர்க் கெண்டி முணுமுணுத்தது.

"அக்கா, நான் பிறந்ததுல இருந்து இப்படி ஒரு குளிர்காலம் பார்த்ததில்ல" என்றாள். "நம்ம கட்டி, அக்கா. நான் திருப்பிப் போட்டு காயவச்ச கட்டி."

ரயீஸ் ஒருமுறை வாசலில் நின்றபோது திரைக்குப் பின்னாலிருந்தே கேட்டிருக்கிறாள், "சில்லா முடியற வரைக்குமாவது இந்த அடுப்பு இங்க இருக்குமா, ரயீஸ்?" என்று. அவர் நெஞ்சில் கை வைத்து, "உனக்குன்னு வச்சது, மகளே" என்றாராம். தினமும் காலையில் அவருடைய டிரைவர் கோதிர் ஒரு கூடைக் கட்டி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். இன்னும் யாராவது பார்க்க வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், அதனால்தான்.

பார்க்க வந்தார்கள். இந்தத் தடவை வேறு ஆட்கள், பெரிய ஆட்கள், மாவட்டம் முழுக்க மெஷின் வாங்கித் தரப்போகிறவர்கள். அவர்களுக்கு ஏழை வீடு சரிப்படாது என்று ரயீஸ் முடிவு செய்தார். தன் வீட்டு விருந்தறையில், புதுக் கம்பளத்தின் மேல் உட்காரவைத்து, ஆட்டுக்கறி போட்டு, அடுப்பின் சூட்டில் பேச்சுவார்த்தை முடிக்க வேண்டும்.

காலையில் பனி விழுந்துகொண்டிருந்தது. கோதிர் இரண்டு ஆட்களோடும் இரண்டு கனத்த கம்புகளோடும் வந்தான். நான் என் வீட்டு முற்றத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். கம்பைப் பார்த்ததும் மண்வாரியை எறிந்துவிட்டு அவர்கள் பின்னாலேயே போனேன்.

"தங்கச்சி, அடுப்பை எடுத்துட்டுப் போறோம்" என்றான் கோதிர், திரையைப் பார்த்து. "ரயீஸ் வீட்டுக்கு. விருந்தாளி போனதும் திரும்பக் கொண்டாந்துடுவோம்."

திரைக்குப் பின்னால் பிள்ளை பால் குடிக்கிற சத்தம் நின்றது.

"எரிஞ்சுகிட்டு இருக்கே, அண்ணா."

"எரியட்டும். அடியில கம்பு கொடுத்துத் தூக்கிடுவோம். குழாயை மட்டும் கழட்டணும், அவ்வளவுதான்."

"சில்லா வீட்டுல இருந்து நெருப்பு வெளிய போகுமா, அண்ணா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். கம்பை அடியில் நுழைத்துக்கொண்டிருந்தவன் கம்பைக் கீழே போட்டுவிட்டான். மற்றவன் வாசல் பக்கம் நகர்ந்தான். கோதிருக்கு நாலு பிள்ளைகள், கையை வைத்துத்தான் பிழைப்பு. அவன் ரயீஸுக்குப் போன் போட்டான்.

ரயீஸ் வந்தார். தொப்பியில் பனி. அடுப்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது உன் வேலையா, சல்தனத்?"

"நெருப்பு வெளிய போகக்கூடாதுன்னு நானா சொல்லிவச்சேன், ரயீஸ்? உங்க அப்பா காலத்துலயே இருக்கு."

அவர் மூத்த பிள்ளை சில்லாவிலேயே போனது. பக்கத்து வீட்டுக்காரி கங்கு வாங்கிக்கொண்டு போனதுதான் காரணம் என்று அவர் மனைவி இன்னும் சொல்லுவாள். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு மெத்தையில் உட்கார்ந்தார்.

"அணையட்டும். அணைஞ்சதும் வெறும் இரும்பைத் தூக்கிட்டுப் போகலாம். இரும்புக்குச் சில்லா கிடையாதே?"

"தண்ணி ஊத்திடலாமா, ரயீஸ்?" என்றான் கம்புக்காரன்.

"வாயைக் கழுவுடா. நெருப்புல தண்ணி ஊத்துவியா நீ? எந்த வீட்டுல வளர்ந்த? அடுப்பும் வெடிச்சுப் போகும்."

ஆக, உட்கார்ந்தார்கள். ஒரு பச்சை உடம்புக்காரியின் அறையில், திரைக்கு இந்தப்புறம், நாலு ஆம்பிளைகள் நெருப்பு சாவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹோசியத் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இவர்களுக்கு ரொட்டி வேறு பிய்த்துப் போட்டாள்.

கட்டி அணையவில்லை. ரயீஸ் கதவைத் திறந்து பார்த்தார். சிவப்பாக, அசையாமல் இருந்தது. தேநீர் குடித்தார், மறுபடி திறந்தார். அப்படியே இருந்தது. கோதிர் சொன்னான், "நல்ல கட்டி, ரயீஸ். சும்மா சொல்லக்கூடாது." ரயீஸுக்குப் பெருமைப்படுவதா பல்லைக் கடிப்பதா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாங்கள் சாணியில் கை விறைத்துச் செய்த கட்டி, எங்களுக்காக ஒரு தடவை பிடிவாதம் பிடித்தது.

நான் வீட்டுக்கு ஓடினேன். பிள்ளைக்காரிக்கு நெய் விட்ட மாவுக்கஞ்சி ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டேன். களத்தில் வேலை செய்த நாட்களில் உடைந்த கட்டிகளைப் பொறுக்கி வைத்திருந்தேன், அதில் கொஞ்சத்தைக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டேன். திரும்பி வந்து கஞ்சியைத் திரைக்கு அந்தப்புறம் கொடுத்துவிட்டு, குளிர் தாங்காதவள் மாதிரி அடுப்போரம் குந்தினேன். அவர்கள் விருந்தாளிகளுக்கு எந்த ஆட்டை அறுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து கையைக் காட்டிச் சூடு காய்ந்தேன். ஒன்று உள்ளே போயிற்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று போயிற்று. திரைக்குப் பின்னால் மவ்ஜூதா பார்த்துவிட்டாள். பிள்ளைக்குப் பாட்டுப் பாடுகிற சாக்கில் சத்தமாகப் பாட ஆரம்பித்தாள், கதவின் கிறீச் வெளியே கேட்காதபடி. அவளும் கெட்டிக்காரிதான்.

விருந்தாளிகள் வழியில் தங்கிவிட்டால், இருட்டுவதற்குள் வராவிட்டால், ரயீஸ் எழுந்து போய்விடுவார். நாளை என்பது நாளை. நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமலே அந்தக் கணக்கில்தான் இருந்தோம்.

"சல்தனத்" என்றார் ரயீஸ் திடீரென்று. "கோட்டுக்குள்ள என்ன?"

"உடம்பு, ரயீஸ்."

"கோதிர், அந்த உடம்பைக் கொஞ்சம் உதறிப் பாரு."

"கை வச்சுப் பாரு, கோதிர். உன் பொண்டாட்டிகிட்ட நானே போய்ச் சொல்றேன்."

கோதிர் கை வைக்கவில்லை. ஆனால் நான் எழுந்தபோது கடைசித் துண்டு கோட்டிலிருந்து நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. ரயீஸ் அதை எடுத்து மோந்து பார்த்தார்.

"என் களஞ்சியத்துக் கட்டி."

"என் சாலு மாரு" என்றேன். "நான் பஞ்செடுத்த சாலு. என் மாடு போட்ட சாணி. உங்களோடது கரித்தூள்தான், ரயீஸ். அதை வேணும்னா தனியாப் பிரிச்சு எடுத்துக்கங்க."

என்னைத் தோளைப் பிடித்து முற்றத்தில் தள்ளினார்கள். நான் பனியில் நின்று கத்தினேன். ஊர் கேட்டிருக்கும். ஒரு கதவும் திறக்கவில்லை. எல்லார் பிழைப்பும் அவர் நிலத்தில், அவர் தண்ணீரில்.

அப்போதுதான் அவருக்குப் போன் வந்தது. விருந்தாளிகள் எங்கேயும் தங்கவில்லை, பாலத்தைத் தாண்டிவிட்டார்களாம். உள்ளே அவர் குரல் உயர்ந்தது. விருந்தறை ஐஸ் மாதிரிக் கிடக்கிறது, குழாய் மாட்ட வேண்டும், புதிதாகப் பற்றவைத்தால் அறை சூடேறுவதற்குள் அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போயே விடுவார்கள். நெருப்போடு தூக்கினால்தான் உண்டு. கோதிர் தூக்க மாட்டேன் என்று நின்றான். அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவன் அப்போதும் மாட்டேன் என்றான்.

வழியைக் காட்டியது ஹோசியத். திறந்த வாசல் வழியே பார்த்தேன், தேநீர்க் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே, உப்புப் புளி பற்றிப் பேசுவது போலச் சொன்னாள்.

"சில்லா சுவத்துக்கா இருக்கு, ரயீஸ்? அவளுக்கும் பிள்ளைக்கும்தானே. அவ எங்க இருக்காளோ அதுதான் சில்லா வீடு. அவளைப் பின்னறைக்கு மாத்திட்டா இது வெறும் அறை. வெறும் அறை நெருப்பை யாரும் எடுக்கலாம்."

பிறகு ரயீஸ் சொன்னதை நான் முற்றத்திலிருந்து கேட்டேன்.

"ஹோசியத் அக்கா, உன்னை மாதிரி நாலு பொம்பளைங்க இருந்தா இந்த மாவட்டமே உருப்பட்டிருக்கும்."

பின்னறை என்பது முற்றத்துக்கு அந்தப்புறம். வெங்காயமும் மாவு மூட்டையும், குளிர் நாளில் கோழியும் இருக்கிற இடம். அடுப்பு கிடையாது, குழாய்க்கு ஓட்டை கூடக் கிடையாது.

"அத்தை, அங்க தண்ணி உறைஞ்சு கிடக்கு" என்றாள் மவ்ஜூதா.

"ரெண்டு மெத்தை போட்டுக்க. நான் நூர்மத்தைப் பெத்தப்ப எனக்கு மெத்தையே கிடையாது."

"ரயீஸ், எனக்குன்னு வச்சதுன்னு சொன்னீங்களே."

"உனக்குத்தான், மகளே. நாளைக்கே திரும்ப வந்துடும். பிடிவாதம் பிடிக்காத. உன் கொழுந்தன் டிராக்டரைக் கொஞ்சம் நினைச்சுப் பாரு."

"நான் வெளிய வந்தா வானத்துக்குக் கீழ வந்த மாதிரி ஆகும்" என்றாள் அவள். "சில்லாவுல வரக்கூடாதுன்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க. நான் ஜன்னல்கிட்ட போனாக்கூட வைவீங்களே."

அதற்கும் ஹோசியத்திடம் வழி இருந்தது. பெரிய கல்யாண மெத்தையை எடுத்தாள். நாலு மூலையையும் நாலு பேர் பிடித்துத் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு போனால் வானம் பார்க்காது. ஒரு மூலையை அவள் பிடித்தாள், ஒன்றை ரயீஸ் பிடித்தார், இரண்டைக் கம்புக்காரர்கள் பிடித்தார்கள். நடுவில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மவ்ஜூதா நடந்தாள். காலில் அந்தக் காலுறை இல்லை, ரப்பர் செருப்பு மட்டும். மெத்தை கனத்தில் நடுவில் தொய்ந்தது, பக்கவாட்டிலிருந்து பனி அடித்தது. ஓடிப்போய்ப் பிள்ளையின் முகத்தை என் தலைத்துணியால் மூடினேன். ரயீஸ் நடக்கும்போது வாய்க்குள் இறைவன் பெயரை உச்சரித்துக்கொண்டே வந்தார். பாவம் செய்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். இப்படிக் கவனமாக ஒரு கொடுமையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவள் பின்னறைப் படி ஏறியதும் கோதிரும் கம்புக்காரர்களும் அடுப்பைத் தூக்கினார்கள். எரிகிற அடுப்பு, குழாய் பிடுங்கிய வாயில் புகை விட்டுக்கொண்டே, முற்றத்தைக் கடந்து தெருவில் இறங்கிப் போனது. பனி விழுந்து இரும்பின் மேல் சுர் சுர் என்றது.

"என் வீட்டுக்கு வா" என்றேன். "வறட்டி இருக்கு, பழைய கதவு ஒண்ணு இருக்கு, நான் இன்னைக்கு முழுக்க எரிக்கிறேன், வா."

ஹோசியத் வாசலை மறித்தாள். "சில்லாவுல அடுத்த வீட்டு வாசப்படி தாண்டுவாளா? உனக்கு அறிவிருக்கா?"

மவ்ஜூதா மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பிள்ளையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். போ அக்கா என்கிற மாதிரி. ஒரு இரும்பு வாளியில் கங்கு கொண்டுவந்து கொடுத்தேன். புகை போக வழியில்லாமல் பிள்ளை இருமியது. வாளியை வெளியே வைக்க வேண்டியதாயிற்று.

விருந்து பிரமாதம் என்றார்கள். விருந்தாளிகள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்களாம். அடுப்பு அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னொரு கூட்டம் வருவதாக இருந்தது. அடுப்பு இருந்த முன்னறைக்கு ஹோசியத் யாரையும் திரும்ப விடவில்லை, விட்டிருந்தாலும் பயனில்லை. அங்கே சுவரில் குழாய் ஓட்டை திறந்து கிடந்தது, இரண்டு அறைக்கும் குளிரில் வித்தியாசம் இல்லை. பழைய தகர அடுப்பு எடைக்குப் போய்விட்டிருந்தது. நான் தினமும் போனேன். போகிற ஒவ்வொரு நாளும் பிள்ளையின் மூச்சில் சத்தம் கூடியிருந்தது. மருந்துக்காரர் வந்து ஊசி போட்டார், "சூடா வச்சுக்கங்க" என்று சொன்னார். மவ்ஜூதா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் வெளியே வந்து அழுதேன்.

சித்தோரா சில்லாவைத் தாண்டவில்லை.

அடக்கம் முடிந்ததும் பெண்கள் எல்லாம் ஹோசியத் வீட்டில் கூடினோம். அன்றைக்கு முன்னறை சூடாக இருந்தது. அடுப்பு திரும்ப வந்திருந்தது. இழவுக்கு வருகிறவர்கள் குளிரில் உட்காரக் கூடாதே என்று ரயீஸ் அனுப்பியிருந்தார், கூடவே மூட்டை நிறையக் கட்டியும். அவரும் வந்தார். தேநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்கள் கூட்டத்துக்குள் நுழையாமல், மரியாதையாக வாசலோரம் நின்றார்.

ஹோசியத் மார்பில் அடித்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள், "சில்லா முடியல, அதுக்குள்ள முத்தத்துல இறங்கிட்டா. பனியில. பச்சைப் பிள்ளையோட." கேட்டவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். மெத்தையைப் பிடித்த கம்புக்காரனின் மனைவியே, "அய்யோ, அவளுக்கு யாரும் சொல்லித்தரலையா?" என்று கேட்டாள். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன், ஒன்று விடாமல். சொல்லி முடிக்கும்வரை எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் ஒருத்தி, "இருந்தாலும் இறங்கியிருக்கக் கூடாது" என்றாள். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

நூர்மத் ரஷ்யாவிலிருந்து கூப்பிட்டான். ஹோசியத் போனை நடுவில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள். முதலில் அவன் அழுதான். பிள்ளையின் முகத்தை அவன் நேரில் பார்த்ததே இல்லை. பின்னால் எங்கோ இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மவ்ஜூதா" என்றான். "அம்மா சொன்னாங்க. சில்லாவுல அறையை விட்டு வெளிய போனியாமே. எதுக்குப் போன? கதகதன்னு அறை இருந்துச்சே. நானும் போட்டோவுல பார்த்தேனே. எதுக்கு வெளிய போன, சொல்லு."

அவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது. ரயீஸும் கிண்ணத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மற்றவர்களைப் போலவே, அவள் என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.